கண்மாயைப் புதர்க்காடாக்கிய திருத்தம்: உங்களுக்கும் நேர்ந்ததுண்டா?

முதுகுளத்தூரான்:
எங்கள் ஊர்க் கண்மாயை, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீர்நிலையாக வரைந்து வைத்திருந்தேன். வெளியூர்ப் பதிவர் ஒருவர் செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரிந்ததை நம்பி, அதை ‘நேச்சுரல்=ஸ்க்ரப்’, அதாவது புதர்க்காடு என்று மாற்றிவிட்டார். அந்தப் பச்சை சீமைக்கருவேலம் என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கைப்பேசியில் அதைப் பார்த்த ஆயக்கட்டு விவசாயி ஒருவர், உபரிநீர் வழிந்தோடும் கலுங்கு இருக்கும் இடத்தில் விரலை ஊன்றி, “இதுல மறுகால் போனதை நான் பாத்திருக்கேன் தம்பி. காடுன்னு போட்டா நாளைக்கு எவனாச்சும் பட்டா வாங்கிருவாய்ங்க” என்றார். இந்த வரைபடத்துக்குச் சட்ட மதிப்பு இல்லை என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை.

உப்பங்காற்று:
விவசாயியின் அச்சம் புரிகிறது. ஆனால் அதற்காக வரைபடத்தில் இல்லாத தண்ணீரைக் காட்ட முடியாது. தரையில் உள்ளதையே குறிக்க வேண்டும் என்பதுதான் இங்கு அடிப்படை விதி. வாலிநோக்கம் பக்கம் கரை கட்டிய செவ்வகங்களை யாரோ ‘லேண்ட்யூஸ்=அக்வாகல்ச்சர்’, அதாவது மீன், இறால் வளர்ப்பு என்று குறித்திருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் இறால் பண்ணையும் உப்பளமும் ஒன்றுபோலத்தான் தெரியும். நேரில் போனபோது, பாத்திகளின் வரப்பில் ஓலை மூடிய உப்புக் குவியல்கள் வரிசையாக நின்றன. போய்ப் பார்த்த பிறகுதான் ‘சால்ட்_பாண்ட்’, அதாவது உப்பளம் என்று மாற்றினேன்.

வைகைக்கரை:
வைகை நேராகக் கடலில் கலப்பதாக ஒருவர் கோடு இழுத்திருந்ததைக் கண்டு திகைத்தவன் நான். வைகை வந்து சேரும் ராமநாதபுரம் பெரிய கண்மாயை அவர் அறிந்திருக்கவில்லை. அது நிறைந்து வெளியேறும் உபரிநீர்தான் ஆற்றங்கரை அருகே பாக் நீரிணைக்குப் போகிறது. இருவரும் சண்டையிடத் தேவையில்லை. கண்மாய்க்கு ‘நேச்சுரல்=வாட்டர்’, ‘வாட்டர்=ரிசர்வாயர்’ ஆகியவற்றுடன் ‘இன்டர்மிட்டன்ட்=யெஸ்’ என்பதையும் சேர்த்தால், வற்றும் நீர்நிலை என்பது தெளிவாகிவிடும். கரையையும் கலுங்கையும் மடையையும் தனித்தனியாக வரையுங்கள். பச்சையை மட்டும் பார்த்து மாற்ற வருபவர் அவற்றைக் கண்டாவது தயங்குவார். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களை நீர் ஓடும் திசையிலேயே வரைய வேண்டும், ஏனெனில் கோட்டின் திசைதான் ஓட்டத்தின் திசை. கடற்கரைக் கோட்டை வரையும்போது நிலம் இடப்பக்கமும் கடல் வலப்பக்கமும் இருக்க வேண்டும். திசை தலைகீழானால் நிலம் நீலமாகிவிடும். திருத்தக் குறிப்பில் படம் எந்த மாதத்தது என்பதையும் எழுதி வையுங்கள்.

முதுகுளத்தூரான்:
கடற்கரைக் கோட்டைப் பற்றி நான் கேட்கவில்லை, இருந்தாலும் நன்றி. உப்பங்காற்று அவர்களுக்கு ஒன்று: சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் கண்மாய்கள்தாம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக 2022இல் அறிவிக்கப்பட்டவை. அங்கே கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில்தான் பறவைகள் கூடு கட்டுகின்றன. கோடையில் எடுத்த படத்தை வைத்து அவற்றையும் புதர்க்காடு என்பீர்களா?

உப்பங்காற்று:
மாட்டேன். கண்மாயின் எல்லைக்குள் மரங்கள் நிற்கும் பகுதியைத் தனியாக வரைவேன். உங்கள் ஊர்க் கண்மாயிலும் சீமைக்கருவேலத்தை அப்படி உள்ளே வரைந்துவிட்டால், அந்த வெளியூர்ப் பதிவர் மறுபடி மாற்றுவதற்கு என்ன இருக்கிறது?