கதையைத் திருடியவர் மன்னிப்பும் கேட்டுவிட்டார், மறுபடி எழுத வருகிறார். என்ன செய்யலாம்?

மண்டபம்_அலை:
எல்லோருக்கும் வணக்கம். நான் மண்டபம் பக்கம், ஆன்லைனில் காதல் நாவல்கள் எழுதுகிறேன். என் கதை நாயகி பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கிறவள். பாறை கிழிக்காமல் இருக்க விரலெல்லாம் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்குவாள். கரையேறி அந்த ஈரத்துணியை அவள் அவிழ்க்கும்போதுதான் நாயகன் முதன்முதலாக அவள் கையைப் பார்ப்பான். எங்கள் சித்தியிடம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதிய எபி (அத்தியாயம்) அது. அதே எபி, ஆட்களின் பேரை மட்டும் மாற்றி, இன்னொருவரின் கிண்டில் மின்நாவலில் வந்திருக்கிறது. ஊரைக் காசிமேடு என்று மாற்றியவர், துணி சுற்றிய விரலை அப்படியே விட்டுவிட்டார். காசிமேட்டில் யார் முங்கிப் பாசி எடுக்கிறார்கள்?

ஒரு வாசகிதான் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். நான் கேட்டதும் அதை எழுதியவர் புத்தகத்தைக் கிண்டிலிலிருந்து எடுத்துவிட்டார், இன்பாக்ஸில் மன்னிப்பும் கேட்டார். வீட்டுக் கஷ்டம், தினமும் யூடி (கதையின் அடுத்த பகுதி) கொடுக்கிற நெருக்கடி என்றார். இப்போது புதுக்கதை தொடங்குகிறாராம், "ஒரு வாழ்த்துச் சொல்லுங்கள் அக்கா" என்று கேட்கிறார். அவருடைய வாசகர்களுக்கு நடந்தது எதுவும் தெரியாது. அவர் எழுதவே கூடாது என்று நான் நினைக்கவில்லை, ஆனால் வாழ்த்த வாய் வரவில்லை.

தொண்டிக்காரன்:
சிஸ், முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவுடனே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு செய்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இதை எழுதியது நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57ஆம் பிரிவு தருகிறது, பதிப்புரிமையை விற்ற பிறகும் அது உங்களோடுதான் இருக்கும். தெரிந்தே மீறினால் 63ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கேஸ் போடுங்கள் என்று சொல்லவில்லை. அந்த ஸ்கிரீன்ஷாட்களைத் தேதியோடு பத்திரமாக வையுங்கள், அந்த நாவலில் வந்த பணத்துக்குக் கணக்கும் கேளுங்கள். புத்தகத்தை எடுத்ததோடு பணமும் மறைந்துவிடாது.

கீழக்கரை_வாசகி:
ரொமான்ஸ் உலகில் இது பழைய கதை. 1997இல் அமெரிக்காவில் ஜேனட் டெய்லி என்கிற பெரிய எழுத்தாளர், நோரா ராபர்ட்ஸின் நாவல்களிலிருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டார். இரண்டு பேர் புத்தகத்தையும் அடுத்தடுத்துப் படித்த வாசகர் ஒருவர்தான் அதையும் கண்டுபிடித்தார். டெய்லி மனநலப் பிரச்சினை என்று காரணம் சொன்னார், ராபர்ட்ஸ் வழக்குப் போட்டார், பிறகு சமரசமாகி அதில் கிடைத்த பணத்தை எழுத்தறிவுப் பணிக்குக் கொடுத்துவிட்டார். சில ஆண்டுகளில் டெய்லி திரும்பி வந்து, 2013இல் இறக்கும்வரை எழுதினார். ஆக, திரும்பி வர வழி இருக்கிறது. ஆனால் அங்கே விஷயம் ஊருக்கே தெரியும், தெரிந்துதான் வாங்கினார்கள். இவருடைய வாசகர்களுக்கு அந்த வாய்ப்பையே இவர் கொடுக்கவில்லையே! உங்களிடம் கேட்ட மன்னிப்பு பாதிதான், மீதி அவர்களுக்குச் சேர வேண்டியது.

ஏர்வாடி_தென்றல்:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். முகநூலில் பேரைப் போட்டுக் கிழித்துவிடாதீர்கள். நம் பக்கத்தில் வீட்டுக்குத் தெரியாமல் எழுதுகிற பெண்கள் எத்தனை பேர்! ஒருவர் ஆரம்பித்தால் ஆளாளுக்கு வந்து திட்டுவார்கள், அப்புறம் அந்தப் பொண்ணு பேனாவையே தொட மாட்டாள். அப்புறம் இன்னொன்று, பாசி எடுக்கிறவளை நாயகியாக யாரும் எழுதலாம், அது உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. உங்கள் காட்சியும் வரிகளும்தான் உங்களுடையவை, அவற்றைத்தான் திருடியிருக்கிறார். அதை அவரே, அவர் பக்கத்திலேயே, புதுக்கதையின் முதல் எபிக்கு முன்னால் எழுதட்டும். எந்தக் கதை, எந்த எபி, யாருடையது, இவ்வளவு போதும். கஷ்டங்களைச் சேர்க்க வேண்டாம், சேர்த்தால் உங்கள் மேல்தான் எல்லோரும் பாய்வார்கள்.

மண்டபம்_அலை:
எல்லோருக்கும் நன்றி. ஏர்வாடி சிஸ் சொன்ன மாதிரியே அவருக்கு எழுதிவிட்டேன். முதல் எபிக்கு முன்னால் அந்தக் குறிப்பு வந்தால் நானே போய் வாழ்த்துப் போடுவேன், கதையையும் தொடர்ந்து படிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். பணக் கணக்கையும் கேட்டிருக்கிறேன். பார்த்துவிட்டார், இன்னும் பதில் இல்லை. வந்தால் இங்கேயே சொல்கிறேன்.