கொசுப் புகையும் எங்கள் கல்லூரித் தேனீக்களும்

தேனீ வளர்ப்பு பற்றிய இந்தப் பேச்சில், எனக்கு முன்னால் ராயபுரத்து அண்ணன் ஒருவர் தேனீ கொட்டிக் கை வீங்கியதை எழுதியிருந்தார். அண்ணே, அடுத்த முறை கொடுக்கை உடனே நகத்தால் வழித்து எடுத்துவிடுங்கள், உள்ளேயே இருந்தால் விஷம் இறங்கிக்கொண்டே இருக்கும். மூச்சு முட்டினால் நேராக ஆஸ்பத்திரிதான்.

சரி, என் அனுபவம். வட சென்னையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆய்வக உதவியாளர் நான். இரண்டு பெட்டி அடுக்குத் தேனீ (பெட்டியில் வளர்க்கிற நாட்டுத் தேனீ) வைத்தோம், மார்த்தாண்டத்திலிருந்து வாசலில் வலை கட்டி ராத்திரி வண்டியில் வந்தவை. இத்தாலியத் தேனீ வேண்டாம், நம்ம ஊர் வகையே போதும் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். முதலில் மதில் ஓரமாக வைத்தது தப்பு. சித்திரை வெயிலில், எறும்பு ஏறாமலிருக்க ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் வைத்த கிண்ணத் தண்ணீர் ஒரே நாளில் வற்றிப்போய், கட்டெறும்பு ஏறிவிட்டது. புங்கமர நிழலுக்கு மாற்றலாமென்றால் ஒரேயடியாகத் தூக்கி வைக்க முடியாது, தேனீ பழைய இடத்துக்கே போய்ச் சுற்றும். பொழுது சாய்ந்ததும் தினமும் 2 அடி, 2 அடியாக நகர்த்தி இரண்டு வாரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

பெரிய அடி ஐப்பசியில் விழுந்தது. மழை விட்ட ஒரு சாயங்காலம் கொசுப் புகை அடிக்க வந்தவர்கள் பெட்டிப் பக்கமும் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில் பெட்டி வாசலடியில் தேனீக்கள் செத்துக் குவியலாகக் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன், நாக்கு வெளியே நீண்டிருந்தது, மருந்தில் செத்த தேனீ பெரும்பாலும் அப்படித்தான் கிடக்கும். பின்னங்காலில் மஞ்சள் மகரந்த உருண்டை அப்படியே ஒட்டியிருந்தது. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பெட்டி காலியாகிவிட்டது.

இப்போது புகை அடிக்கிற தம்பியின் நம்பர் என்னிடம் இருக்கிறது. வருவதற்கு முன் போன் போடுவார், இருட்டியதும் வாசலைக் கம்பிவலையால் அடைத்து ஈரச் சாக்குப் போட்டு மூடிவிட்டு, விடிந்ததும் திறந்துவிடுகிறோம்.

எத்தனை கிலோ தேன் எடுத்தீர்கள் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். எங்களுக்குத் தேன் முக்கியமில்லை, பூவுக்குப் பூ மகரந்தம் போய்ச் சேர்வதுதான் முக்கியம். அதற்காக, பெட்டி வைத்தாலே எல்லாப் பூவும் காய்த்துவிடும் என்பதும் சரியில்லை. கத்தரிப் பூவை எடுத்துக்கொள்ளுங்கள், அதைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவிட்டால்தான் மகரந்தம் நன்றாக உதிரும், பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது, கருவண்டு (மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கறுப்புத் தேனீ) செய்யும். அந்தக் கருவண்டுக்குக் குடியிருக்கக் காய்ந்த மூங்கிலோ பட்ட மரமோ வேண்டும், நாம் அதைத்தான் குப்பை என்று முதலில் அள்ளிப் போடுகிறோம். அதனால் தோட்டக்கார ஐயாவிடம் பேசி, தேனீ தேடி வருகிற தும்பையைப் பிடுங்காமலும் நாலு மூங்கில் கழியைக் கொளுத்தாமலும் விட்டுவைத்திருக்கிறோம்.

போன மாசம் சைக்கிள் ஷெட் பக்கத்துக் கருவேப்பிலைச் செடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொம்புத்தேன் அடை, அதாவது கிளையில் கூடு கட்டுகிற சின்னத் தேனீயின் அடை. யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை, அதுவாக வந்தது. பசங்களே சுற்றிக் கயிறு கட்டி ‘தொடாதீர்கள்’ என்று அட்டை மாட்டியிருக்கிறார்கள்.