ஞாயிறு 7 மணி, பூங்கா இடம்

செயலாளர்: எல்லோருக்கும் வணக்கம். ரோட்டரி என்ற சேவை அமைப்பினர் ஞாயிறு காலை 7 மணிக்கு நம் பூங்கா இடத்தைப் பார்க்க வருகிறார்கள். ஊஞ்சல், சறுக்கு, சீசா மூன்றும் அவர்கள் செலவு. வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள்.

மாடி வீட்டம்மா: போலியோ சொட்டு மருந்துக்கு உழைத்தார்களே, அவர்களா?

செயலாளர்: அவர்களேதான் அம்மா.

இன்ஜினியர் மாமா: பொறுமையாகப் படியுங்கள். அந்த இடம் நம் குடியிருப்போர் சங்கத்துடையது இல்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால் சாலை போக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாகத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அப்படி மாநகராட்சிக்குப் போன ஓ.எஸ்.ஆர்., அதாவது திறந்தவெளி ஒதுக்கீட்டு இடம் அது. அதனால் முதலில் அனுமதிக் கடிதம். அப்புறம் தரை. பேவர் கல் அழகாக இருக்கும் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். ஊஞ்சலுக்குக் கீழே ஓர் அடி ஆழம் மணல் வேண்டும். கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் இறுகிவிடும், சலித்த ஆற்று மணல்தான். சுற்றிலும் ஆறடியாவது காலியாக இருக்கட்டும், ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் இன்னும் அதிகம் வேண்டும். தகரச் சறுக்கு வெயிலில் தொடையைச் சுட்டுவிடும், வேப்பமர நிழலில் வையுங்கள்.

வாடகை வீட்டுத் தம்பி: சரி மாமா. அங்கே நிற்கும் கார்?

5-ஆம் எண் அண்ணன்: எடுத்துவிடுகிறேன். சுற்றுச்சுவர் கட்டும்போது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை மட்டும் மறக்க மாட்டேன்.

இன்ஜினியர் மாமா: அது அப்போதே பேசி முடித்தது.

5-ஆம் எண் அண்ணன்: நீங்கள் முடித்தீர்கள்.

மாடி வீட்டம்மா: மணல் போட்டால் தெருநாய் செவலை வந்து அசிங்கம் பண்ணுமே.

வாடகை வீட்டுத் தம்பி: செவலை குட்டி போட்டிருக்கிறது அம்மா. பூங்கா மூலையில் கிடக்கும் சிமெண்ட் குழாய்க்குள். நான்கு!

மாடி வீட்டம்மா: ஐயோ, பால் வைத்தாயா?

கடைசி வீட்டு அக்கா: ஒரு நிமிடம். பழைய ஊஞ்சலில் என் மகன் விழுந்தது ஞாபகம் இருக்கிறதா? கொக்கி தேய்ந்து தேய்ந்து ஆணி கனத்துக்கு வந்திருந்தது. கீழே சிமெண்ட் தரை. ஆறு வாரம் வலது கையில் மாவுக்கட்டோடு இடது கையால் சாப்பிட்டான். ஊஞ்சல் என்றால் இன்னும் தள்ளி நின்றுதான் பார்க்கிறான். மாமா சொல்வது சரி. மணல் போடாமல் ஊஞ்சல் வேண்டாம்.

செயலாளர்: ஆற்று மணல் விலை தெரியுமா அக்கா?

கடைசி வீட்டு அக்கா: அவர்கள் தராவிட்டால் வீட்டுக்கு வீடு பணம் போடுவோம். முதலில் நான் தருகிறேன். மாதா மாதம் கொக்கியை யார் பார்ப்பது? ரோட்டரி வைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

இன்ஜினியர் மாமா: நான் பார்க்கிறேன். ஏணி வேண்டும்.

5-ஆம் எண் அண்ணன்: என்னிடம் இருக்கிறது. பிடிக்கவும் வருகிறேன்.

மாடி வீட்டம்மா: பெயர்ப் பலகையில் யார் பெயர் வரும்? வேப்பமரம் வைத்தது என் மாமனார்.

செயலாளர்: அது பிறகு அம்மா. டீ 20 பேருக்குச் சொல்லவா?

வாடகை வீட்டுத் தம்பி: அதற்குள் குட்டிகளை எங்கே மாற்றுவது?