மனைவியின் இரண்டாவது பேறுகாலம்: கணவனும் மனநல ஆலோசனைக்குப் போக வேண்டுமா?

திருப்பூர்வாசி எழுதியது:

என் மனைவிக்கு இப்போது ஆறாம் மாதம். மூத்தவள் பிறந்தபோது வளைகாப்பு முடிந்தவுடன் தேனிப் பக்கத்திலுள்ள தாய்வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள். பனியன் கம்பெனி வேலைக்கிடையே நான் மாதம் இருமுறைதான் போய்வர முடிந்தது. குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனபோது அவள் பேச்சு குறைந்தது. குழந்தை தூங்கும் நேரத்திலும் அவள் தூங்கவில்லை. ‘பச்சை உடம்புக்காரி அப்படித்தான் இருப்பாள், ஐந்தாம் மாதம் கூட்டிக்கொண்டு போனால் சரியாகிவிடும்’ என்றார்கள். சரியாவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று, அந்த ஓராண்டில் நாங்கள் இருவரும் தொட்டதற்கெல்லாம் சண்டையிட்டோம். இம்முறையும் தாய்வீட்டில்தான் பேறு. பழைய கதையைக் கேட்ட மகப்பேறு மருத்துவர், அவள் ஊருக்குப் போவதற்கு முன்பே இருவரும் சேர்ந்து மனநல ஆலோசகரைப் பார்க்கும்படி சொல்லியிருக்கிறார். அங்கே என்ன கேட்பார்கள்? நான் போவதால் என்ன ஆகப்போகிறது? மருந்து கொடுத்தால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியிருக்குமா?

உளநலப் பணியாளர் (வேலூர்) எழுதியது:

உங்கள் மருத்துவர் சரியான நேரத்தில் சொல்லியிருக்கிறார். ஒருமுறை பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு வந்தவர்களுக்கு அடுத்த பேற்றிலும் அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கணிசமாக அதிகம்.

முதல் சந்திப்பில் உங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மனைவியிடம் தனியாகப் பேசினால் வருத்தப்பட வேண்டாம். அப்படிக் கேட்கிறவரே வேலை தெரிந்த ஆலோசகர். வீட்டில் அடியோ மிரட்டலோ உண்டா, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதுண்டா என்ற கேள்விகளுக்குக் கணவரை அருகில் வைத்துக்கொண்டு எந்தப் பெண்ணும் உள்ளதை உள்ளபடி சொல்லமாட்டார். வன்முறை இருக்கும் வீடு என்றால் இருவரையும் ஒன்றாக அமர்த்திப் பேசுவதே ஆபத்தாக முடியலாம் என்பதால், எல்லாத் தம்பதியரிடமும் இதே முறையைக் கையாளுகிறோம். பெரும்பாலும் எடின்பரோ அளவுகோல் என்ற வினாத்தாளும் தருவார்கள். 1987இல் உருவான அந்தப் பத்துக் கேள்விகள் தமிழிலும் உள்ளன. கடந்த ஏழு நாட்களின் மனநிலையைக் கேட்டு 30க்கு மதிப்பெண் இடுவார்கள். அது நோயை உறுதிசெய்யும் சோதனை அன்று, மேலும் விசாரிக்க வேண்டியவர் யார் என்று காட்டும் சல்லடை மட்டுமே. தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய பத்தாம் கேள்விக்கு ‘எப்போதாவது’ என்று விடை வந்தால்கூட, மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும் அன்றே அதைப் பேசியாக வேண்டும்.

நீங்கள் ஏன் போக வேண்டும் என்பதற்கு எங்கள் வட்டாரத்து ஆய்வு ஒன்றே விடை சொல்லும். தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் 359 பெண்களைக் கர்ப்பகாலத்திலிருந்து பேற்றுக்குப் பின்வரை தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்டார்கள். அவர்களில் 11 விழுக்காட்டினருக்குப் பேற்றுக்குப் பின் மனச்சோர்வு கண்டது. குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கும்போது பெண் பிறந்தது, மாமியாருடனோ பெற்றோருடனோ மனக்கசப்பு, கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயரங்கள், கைவேலைக்கு ஆளில்லாமை ஆகியவை அதனோடு சேர்ந்து வந்தன. வருமானத்தையும் எதிர்பாராத துயரங்களையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், மிச்சமெல்லாம் வீட்டிலிருப்பவர்கள் கையில் இருப்பவை. எனவே இருவரும் சேரும் அமர்வுகளில் பேசப்படுவது பெரும்பாலும் சில்லறைச் செய்திகளாகவே தோன்றும்: இரவில் தொடர்ச்சியாக நான்கைந்து மணி நேரம் அவர் தூங்குவதற்கு யார் குழந்தையைப் பார்ப்பது, ‘இரண்டாவதும் பெண்ணா’ என்று உறவினர் கேட்டால் யார் பதில் சொல்வது, போன முறை நடந்த எந்தச் சண்டை இன்னும் ஆறவில்லை என்பன போன்றவை. உங்களையும் விசாரிப்பார்கள், தந்தையரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்தக் காலத்தில் மனச்சோர்வு வருவதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

எல்லாருக்கும் மருந்து தேவைப்படுவதில்லை. தேவைப்பட்டாலும் செர்ட்ராலின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலப்பதால், மருத்துவரின் மேற்பார்வையில் பாலூட்டலைத் தொடரலாம். தானாக மருந்தை நிறுத்துவதுதான் கூடாது.

இரு குழந்தைகளின் தாய் எழுதியது:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் தாய்வீட்டில் இருந்தபோது என் கணவர் நாள் தவறாமல் தொலைபேசியில் அழைத்தார். ‘பாப்பா பால் குடித்ததா, எடை கூடியதா’ என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அன்பில்லாமல் அன்று, வேறு என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கோ, பால் கொடுப்பதற்கென்றே என்னை வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் நாளுக்கு நாள் வலுத்தது. இரண்டாம் முறை ஆலோசகர் அவரிடம், குழந்தையைப் பற்றி விசாரிப்பதற்கு முன் ‘நேற்றிரவு எவ்வளவு நேரம் தூங்கினாய்’ என்று என்னிடம் கேட்கவும், நான் அழுதால் உடனே தீர்வு சொல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கவும் சொன்னார். பத்து நிமிடம் சும்மா கேட்டுக்கொண்டிருப்பது அவருக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அதனால் என் நோய் மாயமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மருந்தும் எட்டு மாதம் எடுத்துக்கொண்டேன். ஆனால் மருந்து வேண்டும் என்பதை என் அம்மாவிடம் எடுத்துச் சொன்னவர் அவர்தான். நான் சொல்லியிருந்தால் ‘சொகுசு’ என்றிருப்பார்கள்.

ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் எழுதியது:

தம்பி, பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் முதல் காரணமில்லாமல் அழுவது பலருக்கும் உண்டு, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் காட்ட வேண்டும்; அப்போது இரத்தச்சோகை, தைராய்டு ஆகியவற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள், அவையும் இதேபோல் சோர்வைக் காட்டும். தூக்கமே தேவையில்லாதது போல் இருப்பது, காதில் குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுவது ஆகியவை ஆயிரம் பேற்றில் ஒன்றிரண்டில் நேர்பவை. நாங்கள் பணியில் இருந்த காலத்தில் இதைக் ‘காற்று கருப்பு’ என்று சொல்லிக் கோயிலுக்குக் கொண்டுபோன வீடுகள் உண்டு. கோயிலுக்குப் பிறகு போய்க்கொள்ளலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், தாயையும் குழந்தையையும் தனியே விடக்கூடாது. சேர்த்துவிட்டால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று பயப்படாதீர்கள்: 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது, குழந்தைக்கு ஆபத்து இருந்தாலோ குழந்தையின் நலனுக்கும் பாதுகாப்புக்கும் தேவைப்பட்டாலோ மட்டும் தற்காலிகமாகப் பிரிப்பார்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416, இரவிலும் எடுப்பார்கள். அதைத் தாய்வீட்டிலும் எழுதி ஒட்டிவையுங்கள்.

திருப்பூர்வாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். பேறு பார்க்கப்போவது மாமியார் என்பதால் அவரையும் அழைத்துப் போகலாமா?

உளநலப் பணியாளர் (வேலூர்) எழுதியது:

முதலில் உங்கள் மனைவியைக் கேளுங்கள். அவர் சரி என்றால், என்னென்ன சொல்லலாம், என்னென்ன வேண்டாம் என்பதையும் அவரே முடிவுசெய்த பிறகு, இரண்டாம் அல்லது மூன்றாம் அமர்வுக்கு அழைத்து வாருங்கள். வியாழக்கிழமை நீங்கள் இருவர் மட்டும் போனால் போதும்.