நிர்வாண ஊரில் கோவணம்: ஆடையில்லா வாழ்வு ஒரு வாழ்க்கைமுறையா, வெறும் குளியலா?

(இணையத்தில் புனைபெயர்களில் நடந்த ஒரு விவாதம்)

பால்டிக் காற்று:

2024 கோடையில் ஜெர்மனியின் பால்டிக் கடலோர ரோஸ்டாக் நகராட்சி தன் கடற்கரைகளுக்குப் புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்தது. ஆடையில்லாதவர்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில் நீச்சல் உடையோடு வந்து படுத்துக்கொண்டு அடம்பிடிப்பவர்களை இனி வெளியேறச் சொல்லலாம். செய்தியைப் படித்தவுடன் நம் பழமொழிதான் நினைவுக்கு வந்தது: நிர்வாண ஊரில் கோவணம் கட்டியவன் பைத்தியக்காரன். பழமொழியை ஒரு நகராட்சியே விதியாக எழுதிவிட்டது!

நான் அந்த ஊரில் ஏழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி. மூன்று ஆண்டுகளாக இங்கே ஒரு எஃப்.கே.கே. சங்கத்தில் உறுப்பினர். சுதந்திர உடல் பண்பாடு என்று அதற்குப் பொருள். ஏரிக்கரையில் கூடாரம், வாலிபால், சனிக்கிழமை மாலை உருளைக்கிழங்கு சாலட், புல் வெட்டும் முறை யாருடையது என்ற சண்டை. எல்லாம் சாதாரண சங்கம்தான், துணி மட்டும் இல்லை. 1974-இல் இத்தகைய சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு இதற்கு ஒரு வரையறை தந்தது: இயற்கையோடு இசைந்த வாழ்க்கைமுறை, கூட்டாக ஆடையின்றி இருப்பது அதன் அடையாளம், தன்னையும் பிறரையும் சுற்றுச்சூழலையும் மதிப்பது அதன் நோக்கம். நான் அதை அப்படியே ஏற்றுக்கொண்டவன். சிறு வயதிலிருந்து சட்டையைக் கழற்றக் கூசியவன் நான்; தேமல், தொப்பை, அறுவைசிகிச்சைத் தழும்பு எல்லாம் உண்டு. இரண்டே வாரத்தில் அந்தக் கூச்சம் போய்விட்டது. இதை வாழ்க்கைமுறை என்று சொல்வதில் என்ன தவறு? நம்மவர்கள் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

ஏட்டுக்காரர்:

முகம் சுளிக்கவில்லை தம்பி. வாழ்க்கைமுறை, தத்துவம் என்று பெரிய சொற்கள் வரும்போது அதைக் கட்டியவர்கள் யார் என்று பார்ப்பது என் வழக்கம். ஹைன்ரிச் பூடோர், ரிச்சர்ட் உங்கெவிட்டர் ஆகிய இருவரும் இந்த இயக்கத்தின் முன்னோடிகள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இருவரும் யூத வெறுப்பாளர்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். உங்கெவிட்டர் 1906-இல் நிர்வாணத்தைப் பற்றிப் புத்தகம் போட்டார். ஆடையைக் களைந்து பார்த்தால்தான் ‘நல்ல இனத்து’ உடலைத் தேர்ந்தெடுத்து மணக்க முடியும் என்பது அவருடைய வாதத்தின் போக்கு. அடுத்த தலைமுறையில் ஹன்ஸ் ஸுரேன். சூரியனையும் தசையையும் பாடிப் பாடி எழுதிப் புகழ்பெற்றவர், 1933-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். உங்கள் தேமலுக்கும் தொப்பைக்கும் அந்தப் பெரியவர்களின் தோட்டத்தில் இடம் இருந்திருக்காது. நிறத்தை நான் சொல்லவே வேண்டாம்.

நம் பக்கம் வந்தால், ஆடை களைதல் இங்கே புதிதல்ல. மதுரையைச் சுற்றிய குன்றுகளில் இருந்த சமணத் துறவிகளை வைத்துத்தான் அமணம் என்ற சொல் அம்மணம் ஆனது என்பார்கள். ஆனால் அவர்கள் துணியை விட்டபோது வீட்டையும் சொத்தையும் ருசியையும் சேர்த்து விட்டார்கள். சனிக்கிழமை மட்டும் விடவில்லை.

பால்டிக் காற்று:

ஐயா, பாதிக் கதையைச் சொல்லி நிறுத்திவிட்டீர்கள். அதே காலத்தில் பெர்லினில் ஆடால்ஃப் கோக் என்ற சோஷலிச ஆசிரியர் இருந்தார். இருட்டுக் குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்ந்த தொழிலாளர்களுக்கு வெயிலும் காற்றும் உடற்பயிற்சியும் வேண்டும் என்று பள்ளி நடத்தினார். 1929-இல் பெர்லினில் நடந்த சர்வதேச மாநாட்டின் பின்னால் இருந்தவரும் அவர்தான். 1933 மார்ச்சில் நாஜித் தலைவர் கோரிங் போட்ட ஆணை இந்த இயக்கத்தையே ஒழுக்கக் கேடு என்று சொல்லித் தடைசெய்தது. கோக்கின் பள்ளியும் மூடப்பட்டது. பிற்பாடு நாஜிகள் தங்களுக்கு ஒத்துவந்த பகுதியை மட்டும் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டார்கள். ஆகவே இது இனவெறியர்கள் பெற்ற பிள்ளை மட்டுமல்ல. ஒரே வீட்டில் இரண்டு அண்ணன் தம்பிகள், ஒருவன் மோசமானவன்.

இது வெள்ளைக்காரன் ஊர்ப் பைத்தியம் என்பவர்களுக்கு இன்னொன்று. உலகில் பதிவான முதல் நிர்வாணச் சங்கம் ஜெர்மனியில் தோன்றவில்லை, 1891-இல் பம்பாய்க்கு அருகே தாணேயில் தோன்றியது. சார்லஸ் கிராஃபோர்ட் என்ற மாவட்ட நீதிபதி தொடங்கியது.

ஏட்டுக்காரர்:

தாணே சங்கத்தில் மொத்தம் மூன்று பேர். நீதிபதியும் ஒரு பாதிரியாரின் இரண்டு மகன்களும். துள்சி ஏரிக்கரைக்குப் போய் வந்தார்கள். மூவரும் வெள்ளைக்காரர்கள். வெயில் நம்முடையது, சங்கம் அவர்களுடையது. அதை வைத்து இந்திய மரபு கொண்டாடாதீர்கள்.

கொற்றவை:

இரண்டு ஆண்கள் 1906-க்கும் 1891-க்கும் போய்விட்டார்கள். நான் போன மாதத்துக்கு வருகிறேன்.

மியூனிக்கில் இருக்கிறேன். ஆங்கிலத் தோட்டம் என்ற பெரிய பூங்காவில் ஆடையில்லாமல் வெயில் காய ஒதுக்கிய புல்வெளி உண்டு. சைக்கிளில் அதைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். அங்கே படுத்திருப்பவர்களைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. என் கேள்வி பால்டிக் காற்றுக்கு: உங்கள் சங்கத்தில் ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை? தனியாக வரும் ஆண்களைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கும் இடங்கள் இருக்கின்றனவே, அது ஏன்? உடல் வெறும் உடல்தான், பார்வை வெறும் பார்வைதான் என்றால் அந்தத் தயக்கத்துக்கு என்ன அவசியம்?

‘இரண்டு வாரத்தில் கூச்சம் போய்விட்டது’ என்று ஓர் ஆண் சொல்வது எளிது. பஸ்ஸில் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே வளர்ந்தவளுக்குக் கூச்சம் என்பது வெறும் மனப்பழக்கம் இல்லை. அது ஒரு காவல். அதைக் கழற்றி வைக்கச் சொல்வதற்கு முன் காவல் தேவைப்படாத இடம் என்று நிரூபியுங்கள். நான் போவது பெண்களுக்கு மட்டுமான சௌனா (வெப்ப அறைக் குளியல்) நாளுக்கு. அங்கே நானும் துணியில்லாமல்தான் உட்காருகிறேன். சுகமாக இருக்கிறது. அதற்கு நான் தத்துவப் பெயர் எதுவும் வைக்கவில்லை.

பால்டிக் காற்று:

எண்ணிக்கை கேட்டீர்கள். எங்கள் சங்கத்தில் பெரும்பாலும் தம்பதிகள், அதனால் ஏறக்குறைய சமம். தனி ஆண்களுக்குச் சோதனைக் காலம் உண்டு, எனக்கும் இருந்தது. அது எனக்கு அவமானமாகப் படவில்லை. விதிகள் கடுமையாக இருப்பதால்தான் இடம் பாதுகாப்பாக இருக்கிறது. எங்கே உட்கார்ந்தாலும் துண்டு விரித்துத்தான் உட்கார வேண்டும். கேமரா கூடாது. உற்றுப் பார்க்கக் கூடாது. மீறினால் அன்றே வெளியே. துணி உடுத்திய கடற்கரையில் இந்த விதிகளில் எதுவும் இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆய்வும் இருக்கிறது. லண்டனில் கீயன் வெஸ்ட் என்ற உளவியலாளர் 849 பிரிட்டிஷ்காரர்களிடம் கேட்டு 2017-இல் வெளியிட்டார். ஆடையற்ற கூட்டங்களில் அதிகம் கலந்துகொள்பவர்களுக்குத் தங்கள் உடல் மீது நிறைவும் வாழ்க்கை மீது நிறைவும் கூடுதலாக இருந்தன.

கொற்றவை:

உடல் மீது நிறைவுள்ளவர்கள்தானே முதலில் அங்கே போவார்கள்? நீச்சல் தெரிந்தவர்கள் குளத்தில் அதிகம் இருக்கிறார்கள் என்பதால் குளம் நீச்சல் கற்றுக்கொடுத்தது என்று ஆகுமா?

பால்டிக் காற்று:

அந்தக் கேள்வி அவருக்கும் எழுந்தது. அதனால்தான் நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் அதே ஆட்களிடம் கேட்டும் பார்த்தார். பின்னால் நிறைவு கூடியிருந்தது.

கொற்றவை:

நல்ல விடுமுறையிலிருந்து திரும்பினாலும் கூடும். சரி, அதை விடுகிறேன். முன்னும் பின்னும் கேட்டது எனக்குத் தெரியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். போக முடிவுசெய்து டிக்கெட் வாங்கியவர்களிடம் கேட்டது என்பதை நீங்கள் ஒப்புக்கொள்ளுங்கள்.

சட்டம் தெரிந்தவன்:

இடையில் ஒரு குறிப்பு. இங்கே ‘நிர்வாணம் சட்டப்படி குற்றமில்லை’ என்று நினைத்துக்கொண்டு யாரும் ஊருக்கு விமானம் ஏறிவிட வேண்டாம். ஜெர்மனியிலும் பிறருக்குத் தொல்லை ஆனால் அபராதம் உண்டு. இந்தியாவில் பழைய தண்டனைச் சட்டத்தில் 294-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 296: பொது இடத்தில் பிறருக்கு எரிச்சலூட்டும் ஆபாசச் செயலுக்கு மூன்று மாதம் வரை சிறை. எது ஆபாசம் என்பதை அன்றைய இன்ஸ்பெக்டரின் மனநிலை முதலில் முடிவுசெய்யும், நீதிமன்றம் பல ஆண்டுகள் கழித்து முடிவுசெய்யும்.

ஏட்டுக்காரர்:

கொற்றவை சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது: ‘தத்துவப் பெயர் வைக்கவில்லை.’ கிழக்கு ஜெர்மனியைப் பாருங்கள். 1954-இல் அரசு பால்டிக் கடற்கரையில் அம்மணக் குளியலைத் தடுக்கப் பார்த்தது. மக்கள் கேட்கவில்லை. 1956-இல் தனிப் பகுதிகள் ஒதுக்கி விதி செய்து அரசே இறங்கிவந்தது. கலாசார அமைச்சர் பெஹர் கடற்கரையில் ஆடையின்றிப் படுத்திருந்த ஒரு மாதைக் கிழட்டுப் பன்றியே என்று திட்டினாராம், அவர் புகழ்பெற்ற எழுத்தாளர் அன்னா செகர்ஸாம். பிற்பாடு பரிசளிப்பு மேடையில் அமைச்சர் ‘அன்புள்ள அன்னா’ என்று தொடங்க, ‘உங்களுக்கு நான் கிழட்டுப் பன்றிதான்’ என்று காதோடு சொன்னாராம். உண்மையோ பொய்யோ, அந்த மக்கள் விரும்பிச் சொன்ன கதை. அவர்களுக்குச் சங்கமும் வரையறையும் கிடையாது. ஈரத் துணியோடு வீடு திரும்பப் பிடிக்காதவர்கள், அவ்வளவுதான். பெர்லின் சுவர் விழுந்த பிறகு மேற்கிலிருந்து வந்த சுற்றுலாக்காரர்கள் அதே கரையில் முகம் சுளிக்க, பத்திரிகைகள் அதை ‘ஜட்டிப் போர்’ என்றன.

சங்கங்களின் நிலை என்ன? 2024-இல் அவர்களுடைய தேசியக் கூட்டமைப்பின் 75-ஆம் ஆண்டு விழா, வருவதற்கு ஆள் இல்லாமல் ரத்தானது. கால் நூற்றாண்டுக்கு முன் 65 ஆயிரம் இருந்த உறுப்பினர்கள் இப்போது 34 ஆயிரத்தைத் தொடவில்லை. ஏரியில் குளிப்பவர்கள் குளித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாழ்க்கைமுறைதான் வயோதிகத்தில் இருக்கிறது.

பால்டிக் காற்று:

வயோதிகம் உண்மைதான். எங்கள் சங்கத்தில் நான் இளைஞன், வயது 38. வாலிபால் வலையை இரண்டு முறை இறக்கிக் கட்டிவிட்டோம்.

ஆனால் வெறும் பழக்கம் என்றால் அது ஒரு தலைமுறையில் போய்விடும் ஐயா. கையில் போன் வந்தபிறகு இளைஞர்கள் கரையில் துணியைக் கழற்றப் பயப்படுகிறார்கள், எவன் படம் எடுப்பானோ என்று. அவர்களுக்குக் காவல் கொடுப்பது வேலி போட்ட, விதி எழுதிய ஒரு சங்கம்தான். கொற்றவை கேட்டதும் அதைத்தானே?

கொற்றவை:

நான் கேட்டது அதைத்தான். ஆனால் வேலிக்குள் மட்டும் வாழும் வாழ்க்கைமுறைக்கு ‘சுதந்திர’ என்ற அடைமொழி கொஞ்சம் அதிகம். 2023-இல் பெர்லினில் ஒரு பெண் புகார் கொடுத்து, நகர நீச்சல் குளங்களில் மேலாடை இல்லாமல் நீந்த ஆணுக்குள்ள உரிமை எல்லோருக்கும் உண்டு என்று சொல்ல வைத்தார். அது எனக்குப் புரிகிறது. வேலி இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை. வேண்டியவர் கழற்றலாம், வேண்டாதவர் விடலாம். உங்கள் ரோஸ்டாக் விதியிலோ கோவணம் கட்டினால் வெளியே.

டோர்ட்முண்ட் சித்தப்பா:

பிள்ளைகளே, மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். நான் 1985-இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். புத்தகம் படித்துச் சொல்லவில்லை, பட்டதைச் சொல்கிறேன்.

1990 குளிர்காலம். தொழிற்சாலைக் கூட்டாளிகள் என்னைச் சௌனாவுக்குக் கூட்டிப்போனார்கள். நான் நீச்சல் காற்சட்டையோடு உள்ளே நுழைந்தேன். வாசலில் நின்ற ஆள் சத்தம் போட்டான். ஒழுக்கத்துக்காக அல்ல, சுத்தத்துக்காக! பிளாஸ்டிக் துணி வியர்வையைப் பிடித்துக்கொண்டு நாறுமாம், கழற்றிவிட்டுத் துண்டில் உட்காரச் சொன்னான். உட்கார்ந்தேன். ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பேர். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கால் மணி நேரத்தில் எனக்கும் மறந்துபோனது. பிறகு மாதம் ஒருமுறை போவேன், மூட்டுவலிக்கு நல்லது.

ஒருநாள் கதவு திறந்தது. உள்ளே வந்தவர் நம்மவர். ஊரில் எனக்குப் பக்கத்துக் கிராமம். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ‘வணக்கம்’ என்று சொல்லிவிட்டோம். சொன்னபிறகு இரண்டு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டோம். பத்து வெள்ளைக்காரர்களுக்கு முன் வராத வெட்கம் ஒரு வணக்கத்தில் வந்துவிட்டது. இத்தனை ஆண்டு கழித்தும் ஹம் நகரக் காமாட்சி அம்மன் கோயில் தேர்த் திருவிழாவில் அவரைக் கண்டால் நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொள்வேன்.

தம்பி பால்டிக் காற்று, உங்கள் சங்கத்தில் வேறு தமிழர் இருக்கிறார்களா?

பால்டிக் காற்று:

இல்லை சித்தப்பா. நான் ஒருவன்தான்.

ஏட்டுக்காரர்:

சித்தப்பா, வள்ளுவர் நட்புக்கு உவமை தேடியபோது ‘உடுக்கை இழந்தவன் கை’ என்றார். யோசித்துவிட்டுப் போகிற கை இல்லை அது. இழக்கும் முன்பே போய்விடுகிற கை.

கொற்றவை:

பால்டிக் காற்று, இருந்தால் என்ன செய்வீர்கள் என்று சித்தப்பா கேட்காமல் விட்டுவிட்டார். நான் கேட்கிறேன்.

பால்டிக் காற்று:

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன ஆகஸ்டில் கடற்கரையில் படுத்திருந்தேன். மணல்மேட்டுக்குப் பின்னால் நடைபாதை. அங்கிருந்து ஒரு அம்மாவின் குரல், போனில்: ‘சாப்பிட்டாயா? என்ன குழம்பு?’ திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ். அவர் என்னைப் பார்க்கவும் இல்லை, பார்த்திருக்கவும் முடியாது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் துண்டு இடுப்பில் இருந்தது.

டோர்ட்முண்ட் சித்தப்பா:

எந்தத் துண்டு? விரித்துப் படுத்திருந்ததா? மணல் ஒட்டியிருக்குமே.

பால்டிக் காற்று:

ஒட்டியிருந்தது. அந்த அம்மா குழம்பு விசாரித்து முடிக்கும்வரை அப்படியே நின்றேன்.