ஏ-10சி: இரண்டு ஹைட்ரோலிக்கும் போனபின் தரையிறக்க முடியவில்லை

வணக்கம் அண்ணாமார், அக்காமார். பரந்தனில் இருந்து எழுதுகிறேன், பக்கத்தில் கேட்க ஆள் இல்லை.

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற கணினி விமான விளையாட்டு, அதில் ஏ-10சி போர் விமானம், கோகேசஸ் வரைபடம், கொபுலெட்டி ஓடுபாதை. ஜொய்ஸ்டிக் லொஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி புரோ, பெடல் இல்லை. அடிபட்டு இரண்டு ஹைட்ரோலிக்கும் (எண்ணெய் அழுத்தத்தால் விமானத்தின் பாகங்களை அசைக்கும் அமைப்பு) போகிறது, வலது இறக்கையும் கிழிகிறது. மேனுவல் ரிவர்ஷனுக்கு (ஹைட்ரோலிக் இல்லாமல் கைப்பலத்தால் ஓட்டும் முறை) மாற்றினால் உயரத்தில் சமாளிக்கலாம். 150 நொட்ஸுக்குக் கீழே வந்தால் வலப்பக்கம் சரிந்து விழுகிறது, ஸ்டிக்கை முழுதாக இடப்பக்கம் தள்ளினாலும் நிமிராது.

மிச்சக் குண்டுகளைக் கழற்றிவிட்டேன். சக்கரங்களை அவசரக் கைப்பிடியால் இறக்குகிறேன், அது வேலை செய்கிறது. ஃபிளாப் (மெதுவாகப் பறக்க உதவும் இறக்கைப் பலகை) இறங்காது. ஜொய்ஸ்டிக் கேர்வையும் (ஸ்டிக் அசைவுக்கு விமானம் எவ்வளவு திரும்பும் என்ற அமைப்பு) மாற்றிப் பார்த்தேன். 170இல் வந்தால் சரியாது, ஆனால் அவசரப் பிரேக் பிடித்தும் ஓடுபாதை முடிந்துவிடுகிறது.

2003 ஏப்ரலில் பக்தாத்துக்கு மேலே அடிபட்ட ஏ-10ஐ அமெரிக்க விமானி கிம் காம்ப்பெல் மேனுவல் ரிவர்ஷனில்தான் கொண்டுவந்து இறக்கினார். அதனால் விட மனமில்லை. அம்மாவுக்கு இந்த விமானச் சத்தம் ஆகாது, ஹெட்செட் போட்டு இரவில்தான் பழகுகிறேன்.

இறக்கையும் சரியாமல், ஓடுபாதைக்குள்ளேயே நிற்கவும் கடைசி இறக்கத்தை எந்த வேகத்தில், எப்படிப் பிடிக்க வேண்டும்?