பிசியோதெரபி நிலையத்துக்கு வலைப்பதிவு: யாருக்காக, எதை எழுதுவது?

பனியன்நகர் பிசியோ:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு சிறிய பிசியோதெரபி நிலையம் நடத்தி வருகிறேன். எம்.பி.டி. (பிசியோதெரபி முதுகலைப் படிப்பு) முடித்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றிய பிறகு சொந்தமாகத் தொடங்கிய இடம் இது. வருகிறவர்களில் பெரும்பாலோர் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள். பவர் டேபிளில் (மின்மோட்டாரில் ஓடும் தையல் மேசையில்) கழுத்தைக் குனிந்தபடியே பகல் முழுவதும் தைக்கும் டெய்லர்கள், நின்ற நிலையில் செக்கிங் பார்க்கும் பெண்கள், துணி ரோல்களைத் தூக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும் இளைஞர்கள் ஆகியோர் அன்றாடம் வருகிறார்கள். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்தவர்களையும் பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவர்களையும் அருகிலுள்ள மருத்துவர்கள் அனுப்பி வைக்கிறார்கள்.

நிலையத்தைப் பற்றி வெளியே தெரிய ஒரு வலைப்பதிவு தொடங்கலாம் என்று எண்ணி, விளம்பர நிறுவனம் ஒன்றில் விசாரித்தேன். மாதம் முப்பது பதிவுகளை ஆங்கிலத்தில் எழுதித் தருவதாகச் சொன்னார்கள். 'ஜவ்வு விலகலுக்கு அறுவை சிகிச்சை இல்லாமல் நிரந்தரத் தீர்வு' என்பது போன்ற தலைப்புகள் வேண்டும் என்றும், நோயாளிகள் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நடப்பதைக் காணொளியாகப் போட வேண்டும் என்றும் கூறினார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நானே எழுதுவதென்றால் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா? இலவசத் தளம் போதுமா? பயிற்சிகளையெல்லாம் படத்துடன் எழுதிவிட்டால் அவற்றை வீட்டிலேயே செய்துகொண்டு யாரும் வராமல் போய்விடுவார்களே என்று என் கணவர் கேட்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழி கூற வேண்டுகிறேன்.

வைகைக்கரை:

வணக்கம் சகோதரி. மதுரையில் இதே தொழிலில் இருக்கிறேன். சில ஆண்டுகளாகத் தமிழில் எழுதியும் வருகிறேன். உங்கள் கணவரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்றவற்றுக்கான விடை அதற்குள்ளேதான் இருக்கிறது.

பயிற்சியைப் படித்துவிட்டு வீட்டிலேயே செய்து குணமாகிறவர், எழுதாமல் விட்டிருந்தாலும் உங்களிடம் வந்திருக்க மாட்டார். வலி மாத்திரையும் தைலமுமாக ஓட்டியிருப்பார். நமக்கு உண்மையான இழப்பு வேறிடத்தில் நிகழ்கிறது. நான்கைந்து சிட்டிங் (சிகிச்சை அமர்வு) வந்து, வலியைத் தணிக்க இயந்திரத்தில் கரண்ட் வைத்ததில் வலி சற்றுக் குறைந்ததும் நின்றுவிட்டு, சில மாதங்களில் அதே வலியோடு வேறு ஒருவரிடம் போய் 'பிசியோ பார்த்தேன், ஒன்றும் பயனில்லை' என்று சொல்பவர்கள்தாம் அந்த இழப்பு. இயந்திரம் வலியைத் தற்காலிகமாகத் தணிக்கும், தசையின் வலுவும் மூட்டின் அசைவும் பயிற்சியால்தான் திரும்பும் என்பதைப் படுக்கையருகே ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்க நமக்கு நேரமிருப்பதில்லை. அதை ஒருமுறை நன்றாக எழுதி வைத்துவிட்டால், முதல் நாள் வந்து போகிறவருக்கு அன்று மாலையே வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். என் பதிவுகளுக்குப் பெரும்பாலான வாசகர்கள் இப்படித்தான் வருகிறார்கள். புதிய ஆள் தேடி வருவதைவிட, வந்தவர் பாதியில் நிற்காமல் இருப்பதற்கே எழுத்து அதிகம் உதவுகிறது என்பது என் கருத்து.

எதை எழுதுவது என்பதற்குத் தோள்பட்டை இறுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில் இது அதிகம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். முதலில் வலி மிகுந்த காலம், பிறகு கை தூக்க முடியாத இறுக்கக் காலம், அதன் பின் மெல்ல இளகும் காலம் என்று ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை நீளக்கூடிய ஒன்று இது. பத்து நாளில் சரியாகிவிடும் என்று நம்பி வருகிறவர் பதினோராவது நாள் ஏமாற்றத்தோடு போய்விடுவார். எந்தக் கட்டத்தில் எந்த அளவுக்கு நீட்டலாம், வலி மிகுந்த கட்டத்தில் ஏன் முரட்டுத்தனமாக இழுக்கக் கூடாது, இரத்தச் சர்க்கரையை ஏன் உடனே பார்க்க வேண்டும், தலை சீவுவதும் சட்டை மாட்டுவதும் எந்த வரிசையில் திரும்பும் என்றெல்லாம் நீங்கள் எழுதினால், அதைப் படித்தவர் எதற்காகக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து வருவார். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் கேட்பதும் இப்படிப்பட்டவைதான்: மாடிப்படி எப்போது ஏறலாம், தரையில் சம்மணமிட்டு உட்காரலாமா, பைக் ஓட்டலாமா? இவற்றுக்கு விடையளிக்கும் பக்கங்கள் தமிழில் மிகக் குறைவு. இருப்பவற்றிலும் பல, ஆங்கிலக் கட்டுரையை இயந்திரத்தில் போட்டு எடுத்தவை.

இன்னொன்றையும் தவறாமல் எழுதுங்கள்: யார் உங்களிடம் வரக் கூடாது என்பது. இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, தொடைகளின் உட்புறமும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப் போனாலோ அது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. காய்ச்சலுடன் கூடிய முதுகு வலி, காரணமின்றி உடல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் முதுகு வலி ஆகியவையும் முதலில் மருத்துவரின் பார்வைக்குப் போக வேண்டியவை. வாய் கோணினால் நம் ஊரில் நேராகப் பிசியோவிடமோ நாட்டு வைத்தியரிடமோ அழைத்து வருகிறார்கள். அது முகவாதமாகவே (முகத்தின் நரம்பு மட்டும் செயலிழப்பதாகவே) இருந்தாலும் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கினால்தான் பலன் நன்றாக இருக்கும். பக்கவாதமாக இருந்துவிட்டாலோ இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான அவகாசம் நாலரை மணி நேரம்தான். இதை உங்கள் பக்கத்தில் படிக்கும் நரம்பியல் மருத்துவர், உங்களிடம் நோயாளியை அனுப்பத் தயங்க மாட்டார்.

வலைத்தறி:

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். கோவையில் சிறு தொழில்களுக்கு இணையதளம் அமைத்துக் கொடுக்கிறேன். தொழில்நுட்பப் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

கூகுளின் இலவச வலைப்பதிவுத் தளமான பிளாக்கரே தொடக்கத்துக்குப் போதுமானது. ஆனால் சொந்த இணைய முகவரி (டொமைன்) ஒன்றை ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் கொடுத்து முதல் நாளே வாங்கி அதனோடு இணைத்துவிடுங்கள். பின்னால் வேர்ட்பிரஸ்ஸுக்கு மாறினாலும் முகவரி மாறாது. முகவரியை உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். விளம்பர நிறுவனத்தின் பெயரில் பதிந்துவிட்டு, உறவு முறிந்த பிறகு சொந்தத் தளத்துக்குள் நுழைய முடியாமல் என்னிடம் வருபவர்கள் உண்டு.

எழுதத் தொடங்கும் முன்பே கூகுள் வரைபடத்தில் நிலையத்தின் வணிகப் பக்கத்தைச் சரிசெய்யுங்கள். அதற்குக் கட்டணமில்லை. பெயர், முகவரி, தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம் ஆகியவை அங்கும் வலைப்பதிவிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். 'பக்கத்தில் பிசியோதெரபி' என்று தேடுகிறவருக்கு முதலில் தெரிவது அந்த வரைபடம்தான், உங்கள் கட்டுரை அன்று. மதிப்புரை எழுதுகிறவருக்குக் கட்டணச் சலுகை தருவது கூகுளின் விதிக்கு எதிரானது, சலுகை எதுவுமின்றி மதிப்புரை கேட்பதில் தவறில்லை.

உடல்நலம் குறித்த பக்கங்களைக் கூகுள் கூடுதல் கண்டிப்போடு மதிப்பிடுகிறது. எழுதியவர் யார், அவருக்கு அத்துறையில் நேரடி அனுபவம் உண்டா என்பவற்றுக்கு எடை இருக்கிறது. 2022 டிசம்பரில் 'அனுபவம்' என்பதையே தன் மதிப்பீட்டு வழிகாட்டியில் தனி அளவுகோலாகச் சேர்த்தது. ஆகவே ஒவ்வொரு பதிவிலும் உங்கள் பெயர், படிப்பு, கடைசியாகத் திருத்திய தேதி ஆகியவை இருக்கட்டும். 'முதுகு வலி என்றால் என்ன' என்பது போன்ற பொதுவான கட்டுரைக்கு இனிப் பெரிய பயனில்லை, ஏனென்றால் அந்த விடையைத் தேடல் பக்கத்தின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு கொடுத்துவிடுகிறது. ஓவர்லாக் (துணியின் ஓரத்தை அடைத்துத் தைக்கும்) டெய்லரின் வலது தோள் ஏன் வலிக்கிறது, ஸ்டூலின் உயரத்தை எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதை உங்களைப் போல் அருகிலிருந்து பார்த்தவர்தான் எழுத முடியும்.

மொழியைப் பொறுத்தவரை தமிழே முதன்மையாக இருக்கட்டும். தலைப்பில் மட்டும் மக்கள் சொல்லும் சொல்லையும் மருத்துவர் சீட்டில் எழுதும் சொல்லையும் சேர்த்து வையுங்கள். பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறார்கள் என்பதால் பக்கத்தின் முகவரியை அந்த எழுத்துக்கூட்டலில் அமைப்பது நல்லது. திருப்பூரில் இந்தி பேசும் தொழிலாளர்களும் நிறைய இருப்பதால், நேரமும் கட்டணமும் உள்ள பக்கத்தை மட்டும் இந்தியிலும் வைக்கலாம்.

குமரித்தென்றல்:

இருவரும் கூறியவற்றை மறுக்கவில்லை. ஆனாலும் சற்றுக் குளிர்ந்த நீரைத் தெளிக்க வேண்டியிருக்கிறது. நாகர்கோவிலில் நிலையம் நடத்தும் என் கணக்கில், வருமானம் தரும் நோயாளிகளில் பெரும்பங்கு எலும்பு மருத்துவரின் சீட்டோடும் பழைய நோயாளியின் வாய்ச்சொல்லோடும் வருகிறவர்கள்தாம். எழுதச் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியை, அனுப்பிய மருத்துவருக்கு நோயாளியின் முன்னேற்றத்தை அரைப்பக்கத்தில் எழுதி அனுப்புவதற்கு ஒதுக்குங்கள். மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்ற விவரம் கையில் கிடைத்தால் அவர் அடுத்த நோயாளியையும் அனுப்புவார். எந்தப் பதிவும் இதற்கு ஈடாகாது.

விளம்பர நிறுவனம் சொன்ன தலைப்பை அடியோடு ஒதுக்கியது சரி. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளுக்கு மட்டுமன்றிச் சேவைக்கும் பொருந்தும். 'நிரந்தரத் தீர்வு' என்று எழுதிவிட்டு வலி திரும்பி வந்தால் அந்த எழுத்தே உங்களுக்கு எதிரான சாட்சியாகும். காணொளியிலும் கவனம் தேவை. சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டவர் காணொளிக்கும் ஒப்புக்கொண்டார் என்று பொருளாகாது. தனியாக, எழுத்தில், பின்னர் விலக்கிக்கொள்ளும் உரிமையோடு ஒப்புதல் வாங்க வேண்டும். கட்டணம் பாக்கி வைத்திருப்பவரிடமோ உங்களுக்குக் கடமைப்பட்டதாக நினைப்பவரிடமோ கேட்காமலிருப்பதே முறை என்பேன்.

பெயருக்கு முன் 'டாக்டர்' போடுவதா என்பதையும் யோசித்து முடிவெடுங்கள். 2025 செப்டம்பரில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம் பிசியோதெரபிஸ்டுகள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று கடிதம் எழுதி, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது நினைவிருக்கும். நம் படிப்புக்கு, மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது. அதற்குமேல் 'Dr' என்ற அந்த இரண்டெழுத்துக்காகச் சண்டையிடும் களமாக நிலையத்தின் வலைப்பதிவு ஆகிவிடக் கூடாது. பெயருக்குப் பின்னால் 'எம்.பி.டி., பிசியோதெரபிஸ்ட்' என்று தெளிவாக இருந்தால் படிப்பவருக்குக் குழப்பமில்லை.

தாழ்வாரம்:

நோயாளியின் வீட்டார் பக்கத்திலிருந்து ஒரு சொல். என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு நான் இணையத்தில் தேடியவை எந்தக் கட்டுரையிலும் இல்லை. நிலையத்துக்கு எத்தனை படி ஏற வேண்டும், சக்கர நாற்காலி உள்ளே போகுமா, வீட்டுக்கு வருவார்களா, ஒரு சிட்டிங்குக்கு எவ்வளவு, அம்மாவுக்குத் தேவைப்பட்டால் பெண் பிசியோதெரபிஸ்ட் இருப்பாரா என்பவைதான் என் கேள்விகள். தொலைபேசியில் கேட்டால் 'நேரில் வாருங்கள்' என்றார்கள். கட்டணத்தை வெளிப்படையாக எழுதியிருந்த ஓர் இடத்துக்கே கடைசியில் போனோம்.

2021இல் தொடங்கிய அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) அளிக்கிறார்கள் என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கட்டணம் கொடுக்க இயலாதவர்களுக்கு அதையும் உங்கள் பக்கத்தில் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

பனியன்நகர் பிசியோ:

அனைவருக்கும் மிக்க நன்றி. முதல் பக்கமாகக் கட்டணம், நேரம், படிக்கட்டு, வீட்டுச் சேவை பற்றிய விவரங்களையும், அடுத்து பவர் டேபிள் டெய்லர்களின் கழுத்து வலியையும், மூன்றாவதாக வாய் கோணல் பற்றிய எச்சரிக்கையையும் எழுதப் போகிறேன். வைகைக்கரை சார், ஓர் ஐயம் மட்டும் மீதமிருக்கிறது: பயிற்சிகளை எழுதும்போது எண்ணிக்கையையும் குறிப்பிடலாமா?

வைகைக்கரை:

பொதுவான எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டு, எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அதைவிடப் பெரிதாக எழுதுங்கள். பயிற்சிக்குப் பின் தசையில் சற்று வலி இருந்து மறுநாளைக்குள் தணிந்தால் தொடரலாம். கைக்கோ காலுக்கோ மின்னலடிப்பதுபோல் வலி இறங்கினாலோ, மரத்துப் போவது கூடினாலோ அன்றோடு நிறுத்திவிட்டு உங்களை அழைக்க வேண்டும். அந்த வரியின் கீழேயே தொலைபேசி எண்ணைப் போட்டுவிடுங்கள்.